தாலாட்டு மார்க் ஸ்பிரிங்

“இரும்பைக் காய்ச்சினது நானில்லை. கம்பியை முறுக்கினதும் நானில்லை. அப்புறம் குத்தம் மட்டும் எப்படிம்மா என்னோடதாகும்?”

வந்து உட்கார்ந்ததும் தெய்வநாயகம் கேட்டது இதைத்தான்.

மடத்துத் தலைவி மீனலோசனி அம்மா தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

தெய்வநாயகத்துக்கு ஐம்பத்தாறு வயது. ஈரோட்டில் குழந்தைகளுக்கான சாமான்களை மொத்தமாக விற்கிற வியாபாரி. நொய்யல் கரையிலிருந்த அந்தச் சின்ன மடத்துக்கு ஒன்பது வருடமாக அமாவாசை தவறாமல் வருகிறவர். அம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் அவர் முன்னால் தெய்வநாயகம் ஒருநாளும் காலை நீட்டி உட்கார்ந்ததில்லை.

இன்று அமாவாசை இல்லை.

பையைத் திறந்து ஒரு தொட்டில் ஸ்பிரிங்கை எடுத்துத் தரையில் வைத்தார். மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி, நடுவில் கனத்த சுருள். சுருளைச் சுற்றி நீல ஸ்டிக்கர். அதில் ‘தாலாட்டு’ என்று எழுதியிருந்தது.

“பட்டறை வடக்கே இருக்குதுங்க. அவங்க செஞ்சு அனுப்புவாங்க. நம்ம பேரை ஒட்டி, நம்ம டப்பாவுல போட்டு விக்கிறோம். தொழில்ல எல்லாரும் பண்றதுதான்.”

“சரி.”

“போன மாசம் பல்லடத்துல ஒரு வீட்டுல கொக்கி நிமிர்ந்துருச்சு. பத்து மாசக் குழந்தை.”

“குழந்தை?” என்று கேட்டார் அம்மா.

“உசுரு இருக்குதுங்க. தலையில அடி. கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கறதில்லையாம்.”

“போய்ப் பாத்தீங்களா?”

“வக்கீல் போகக்கூடாதுன்னுட்டார்.”

“வேற என்ன சொன்னார்?”

“பேரைப் போட்டு வித்தா, சட்டத்துக்கு முன்னால செஞ்சவனும் நீதான்ங்கறார். பட்டறையைக் கைகாட்டித் தப்பிக்க முடியாதாம். சரி, வித்ததை எல்லாம் திரும்ப வாங்கிக்கறேன்னு விளம்பரம் குடுக்கட்டுமான்னு கேட்டேன். அதையும் வேண்டாம்னுட்டார். குத்தத்தை நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமாம். கேசு முடியற வரைக்கும் வாயைத் திறக்காதேங்கறார்.”

“எப்போ முடியும்?”

“ரெண்டு மூணு வருசம் ஆகுமுங்க.”

அம்மா ஸ்பிரிங்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “இதை விக்கறதுக்கு முன்னால நீங்க சோதிச்சுப் பாப்பீங்களா?”

“மொத மொத லோடு வந்தப்போ பாத்தனுங்க. குடோன்ல கயிறு கட்டி, ஒவ்வொண்ணுலயும் அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு ஒருநாள் பூரா வெச்சிருந்தேன். பொஞ்சாதி கூடச் சிரிச்சா.”

“இந்த லோடு?”

தெய்வநாயகம் செம்பை எடுத்தார். குடிக்காமல் கீழே வைத்தார்.

“பேரு ஊர்ல நல்லா ஓட ஆரம்பிச்சிருச்சுங்க. பாக்கறதுக்கு நேரமில்லை. சோதனைச் சர்டிபிகேட் அனுப்புங்கன்னு கேட்டேன். அனுப்பறோம்னாங்க.”

“வந்துச்சா?”

“வரலீங்க.”

வெளியே, மடத்தில் சமைக்கிற வளர்மதி தன் எட்டு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தாள். அது தூங்காமல் சிணுங்கியது.

“சட்டம் சொல்றது இருக்கட்டுங்கம்மா,” என்றார் தெய்வநாயகம். “சட்டம் யாரையாவது ஒருத்தனைப் பிடிச்சாகணும், பிடிக்குது. நீங்க சொல்லுங்க. தர்மப்படி இது யாரோட குத்தம்? என்னோடதுன்னு நீங்க சொல்லிட்டா நான் ஏத்துக்கறேன்.”

அம்மா எழுந்தார்.

கூடத்தின் நடுவே உத்தரத்தில் ஓர் இரும்பு வளையம் இருந்தது. முக்காலியைப் போட்டு ஏறி, ஸ்பிரிங்கை அதில் மாட்டினார். கொடியில் காய்ந்த பழைய சேலையை எடுத்து வந்து கீழ்க்கொக்கியில் முடிந்தார். ஒருமுறை இழுத்துவிட்டார். தொட்டில் மெதுவாக ஏறி இறங்கியது.

“வளர்மதி, பிள்ளையை இப்படிக் குடும்மா.”

வளர்மதி கொடுத்தாள்.

தெய்வநாயகத்துக்கு முதலில் விளங்கவில்லை. அம்மா குழந்தையை ஒரு கையில் அணைத்தபடி வந்தார். மறு கையால் சேலையை விரித்தார்.

எப்போது எழுந்தோம் என்று அவருக்கே தெரியாது. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். ஒன்பது வருடத்தில் அவர் தொட்டது அம்மாவின் கால்களை மட்டும்தான்.

“வேண்டாமுங்கம்மா.”

“ஏன்?”

“வேண்டாம்.”

“இது புதுசுதானே. ஒண்ணும் ஆகலையே.”

“அதே லோடுங்கம்மா.”

அம்மா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. தெய்வநாயகமே பிடியை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டார். வேர்த்து ஈரமாயிருந்த சின்னத் தலை அவர் கழுத்தில் சாய்ந்தது.

காலியாயிருந்த சேலை அவர் முன்னால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

“இந்த லோடுல எத்தனை வித்தீங்க?” என்று கேட்டார் அம்மா.

“மூவாயிரத்துச் சொச்சமுங்க.”

அம்மா வாசலைப் பார்த்தார். வேப்பமரத்து நிழல் மரத்தடியிலேயே சுருங்கிக் கிடந்தது.

“மத்தியானம் ஆச்சு,” என்றார். “பிள்ளைங்க தூங்கற நேரம்.”

தெய்வநாயகம் குழந்தையை வளர்மதியிடம் கொடுத்தார். செருப்பைப் போட மறந்து முற்றத்தைக் கடந்தார். மடத்துக்குள் போனில் சிக்னல் இருக்காது. பம்பு செட்டுக்கு அருகே போய் நின்றதும்தான் ஈரோட்டுக் கடை கிடைத்தது. கணக்குப்பிள்ளை குமாரவடிவேல் எடுத்தார்.

“பில்லுல இருக்கற நம்பருக்கெல்லாம் போன் போடுங்க. வாங்கின கடைக்காரங்க ஒருத்தர் விடாம. கடையில இருக்கற ஆளுங்க எல்லாரும் உக்காந்து போடுங்க. தாலாட்டு ஸ்பிரிங்கை உடனே கழட்டணும்னு சொல்லுங்க. அவங்க வித்த வீடுகளுக்கும் சொல்லச் சொல்லுங்க. நாளைக்குப் பேப்பர்லயும் வரட்டும், என் பேரைப் போட்டே.”

குமாரவடிவேல் தயங்கிக் கேட்டார்.

“வக்கீலை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்களா?”

“கேக்கலாம்,” என்றார் தெய்வநாயகம். “மொதல்ல பிள்ளைகளைத் தூக்கச் சொல்லுங்க.”