முத்திரை உடையாத எருமை

இந்தக் கதையை எனக்குச் சொன்னது வேலாத்தாள். பதினாறு வருஷமாக என்னால் நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. அமீனாக்கள் இவ்வளவு மடையர்களாகவா இருப்பார்கள் என்பது ஒரு சந்தேகம். ஏன் இருக்கக்கூடாது என்பது அதைவிடப் பெரிய சந்தேகம்.

வட்டிக்கார நல்லசிவத்திடம் வேலாத்தாள் வாங்கிய கடன் அடைபடவில்லை. ஜப்தி உத்தரவோடு கோர்ட்டு அமீனா தாண்டவராயன் வந்து இறங்கினார். கூடவே குப்பண்ணன், மாரப்பன் என்று இரண்டு சேவகர்கள். வீட்டில் இருந்ததெல்லாம் ஓர் எருமை. அது கறக்கும் பாலில்தான் அவளுக்கு அடுப்பு எரிந்தது.

"எழுதுய்யா. எருமை ஒண்ணு, கயிறு ஒண்ணு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார் அமீனா. "முத்திரையை வை."

குப்பண்ணன் அரக்கை உருக்கி எருமையின் முதுகில் ஊற்றினான். எருமை விட்ட உதையில் சாணிக்குழியில் போய் உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே, "சொத்து ஒத்துழைக்க மறுக்குதுங்க," என்றான்.

கடைசியில் கழுத்துக்கயிற்றின் முடிச்சில் முத்திரை வைத்தார்கள். மறுமுனை முளையில் கட்டியிருந்தது.

"முளை பட்டியல்ல இல்லீங்களே," என்றான் மாரப்பன். "அதுல முத்திரை வெச்சா அத்துமீறல்."

"சேர்த்து எழுதேன்யா."

"கையெழுத்து ஆயிடுச்சுங்களே."

"அப்ப கோர்ட்டுக்குச் சொந்தமானது ஏதாச்சும் இங்கே இருக்கா?"

சேவகர்கள் சுற்றுமுற்றும் தேடினார்கள். இருவர் கண்களும் அமீனாவின் மேல் வந்து நின்றன.

அவர் மணிக்கட்டில் கயிற்றைக் கட்டி, முடிச்சில் அரக்கை ஊற்றி முத்திரை குத்தினார்கள். அவர் கத்தியது சூட்டுக்காகத்தான். ஏற்பாட்டில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. அதன்பிறகு மாரப்பன் உத்தரவின் கடைசி வரியைப் படித்தான்: ஏலத்துக்கு முன் முத்திரையை உடைத்தால் ஆறு மாதம் சிறை.

"அப்ப நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போறது?"

"எருமை வந்தாப் போலாங்க."

எருமை குளத்துக்குப் போனது. அமீனாவும் போனார்.

"காதுக்குப் பின்னாடியும் தேச்சுக் குளிங்க சாமி," என்றாள் வேலாத்தாள். எருமை போய்விடுமே என்ற பயம் அவள் வாய்க்கு எட்டவில்லை. சாயங்காலம் செம்போடு வந்து, "பாலும் ஜப்திங்களா?" என்று கேட்டாள்.

மூவரும் வெகுநேரம் ஆலோசித்தார்கள். "பட்டியல் போடறப்போ பால் வெளியே வரலை," என்று தீர்ப்பு வந்தது. "அதைத் தொட எங்களுக்கு அதிகாரம் இல்லை."

அவள் கறந்தாள்.

ஏல நாளன்று குப்பண்ணன் தொண்டை கிழியக் கூவினான். "எருமை ஒண்ணு, கயிறு ஒண்ணு, முத்திரை ரெண்டு, அமீனா ஒண்ணு! பிரிச்சுத் தர மாட்டோம்!"

நல்லசிவம் அமீனாவை மேலும் கீழும் பார்த்தார். "எருமைக்குத் தீவனம் போட்டுருவேன். இதுக்கு யாருய்யா சோறு போடறது?"

யாரும் ஏலம் கேட்கவில்லை. ஏலத்தை ஒத்திவைத்தார்கள். இன்றுவரை ஒத்திவைப்பில்தான் இருக்கிறது.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். வேலாத்தாள் பால் கறந்துகொண்டிருந்தாள். கயிற்றின் மறுமுனையில் தாண்டவராயன், தலை முழுக்க நரைத்து நின்றார். மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "பதினாறு வருஷம். அரக்குல ஒரு கீறல் இல்லை, பாருங்க."

நான் எருமையைப் பார்த்தேன். பிறகு வேலாத்தாளின் பக்கத்தில் குந்தி, மெதுவாகக் கேட்டேன்.

"ஏனுங்க ஆத்தா, இந்த எருமைக்கு அஞ்சு வயசுகூட இருக்காதே. முத்திரை உடையாம அமீனாவை எப்படிங்க இதுக்கு மாத்திக் கட்டுனீங்க?"