எட்டு இலை தேடிய அழுங்கு

டொக், டொக், டொக்.

நெடுநாளைக்கு முன்பு, ஒரு காட்டில், விடிந்து கொஞ்ச நேரத்தில் இந்தச் சத்தம் கேட்கும். ஈரம் காயாத மரத்தில் மரங்கொத்தி மூன்று முறை தட்டும். உடனே காடு முழுவதும் ஒரு நொடி மூச்சை அடக்கிக்கொள்ளும். குழந்தைகளே, புது வீடியோ கேம் வந்துவிட்டது என்று அதற்குப் பொருள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கேம் வந்த அன்றே எல்லாரும் நாவல் மரத்தடியில் கூடிக் கருத்துச் சொல்ல வேண்டும். மிக நன்று என்றால் கிளையில் ஐந்து இலை செருகலாம். மோசம் என்றால் ஒரே இலை. முதலில் கருத்துச் சொல்பவருக்கு உயரமான பாறையில் இடம் உண்டு. கேமை விளையாடியிருக்க வேண்டும் என்று மட்டும் வழக்கத்தில் எங்கும் இல்லை. அத்தனை அறிவாளிகள் வாழும் காட்டில் அதைத் தனியாகச் சொல்வானேன்?

அன்று வந்த கேமின் பெயர் 'மழைக்கு முன்'. அதைச் செய்தது ஓர் அழுங்கு, அதாவது எறும்புதின்னி. அதற்கு உடம்பெல்லாம் செதில், மனமெல்லாம் கூச்சம். யாராவது உரக்கப் பேசினால் பந்தாகச் சுருண்டுவிடும்.

ஓர் எறும்பு, மழை வருவதற்குள் புற்றிலுள்ள முட்டைகளை ஒவ்வொன்றாக மேட்டுக்குச் சுமந்து செல்ல வேண்டும். இதுதான் ஆட்டம். எறும்பு எப்படி நடக்கிறது, எங்கே நின்று இளைப்பாறுகிறது என்று பார்ப்பதற்காக அழுங்கு நான்கு ஆண்டுகள் ஒரு புற்றின் எதிரே பசியோடு உட்கார்ந்திருந்தது. ஓர் எறும்பைக்கூடத் தின்னவில்லை. அப்படி ஒரு பைத்தியம்.

அழுங்கு வேலை செய்த குகை, கேம் கடை நடத்திய யானைக்குச் சொந்தம். யானை காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டது.

"தம்பி, பொழுது சாயறதுக்குள்ள எட்டு இலை சேரணும். சேர்ந்தா குகை உனக்கு, அடுத்த கேமும் நீயே செய்யலாம். சேரலைன்னா வேற இடம் பாத்துக்க."

"சரிங்கய்யா," என்றது அழுங்கு. அதற்குப் போக வேறு இடம் இல்லை.

முதலில் பாறைமேல் தாவி ஏறியது குரங்கு. அதன் போனில் கேம் இறங்கத் தொடங்கி, நூற்றில் ஒன்பது பங்குதான் வந்திருந்தது.

"மகா மட்டம்!" என்று கத்தியது குரங்கு. "ஆரம்பமே இழுவை. கதை நகரவே மாட்டேங்குது."

"குரங்கண்ணே," என்றது அழுங்கு மெல்ல, "கேம் இன்னும் இறங்கவே இல்லையே. நீங்க பாக்கறது டவுன்லோட் கோடு."

"இறங்கும்போதே இப்படி ஊர்ந்தா, இறங்கினப்புறம் மட்டும் ஓடவா போகுது? யார்கிட்ட பேசுற? எனக்கு இருபது வருஷ அனுபவம்டா!"

குரங்கு ஓர் இலையைச் செருகியது.

அடுத்து மயில் வந்தது. அது அட்டைப்படத்தை மட்டும் பார்த்திருந்தது.

"கிராபிக்ஸ் சரியில்லை. ஒரே கறுப்பு, ஒரே மண்ணு. கண்ணுக்குக் குளிர்ச்சியா ஒரு நீலம் உண்டா, ஒரு தோகை உண்டா?"

"இது எறும்புக் கதைங்க, அக்கா."

"எறும்புக்குத் தோகை வைக்கக் கூடாதுன்னு சட்டமா?"

இன்னும் ஓர் இலை.

கரடி பெருமூச்சு விட்டபடி எழுந்தது. "போன தடவை ஒண்ணு செஞ்சானே, அது கேம்! அதுல இருந்த உயிர் இதுல இல்லை."

அழுங்கின் முகம் சற்று மலர்ந்தது. "மாமா, போன கேமுக்கும் நீங்க ஒரு இலைதான் போட்டீங்க."

கரடி யோசித்தது. "அப்படின்னா அதுக்கு முந்தினதுதான் நல்லாயிருந்துச்சு," என்றது.

மூன்றாவது இலை.

ஓணான் நெடுநேரமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது. "நானும் அதையேதான் நினைச்சேன்," என்றது.

"எதை?" என்று கேட்டது அழுங்கு.

"அவங்க சொன்னதை."

நான்காவது இலை. அழுங்கு சுருண்டு பந்தானது. மற்றவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு கலைந்து போனார்கள்.

மரத்தடியில் மிச்சமிருந்தது ஆமை மட்டுமே. கேம் முழுவதும் இறங்கும்வரை காத்திருந்து, அப்போதுதான் முதல் முட்டையைத் தூக்கியிருந்தது. அழுங்கு உருண்டு உருண்டு அதன் அருகே வந்தது.

"அண்ணே, நாலு இலை விழுந்திருக்கு. நீங்க ஒரு அஞ்சு போட்டா நான் தப்பிச்சுடுவேன்."

ஆமை தலையை வெளியே நீட்டியது. "நான் இன்னும் விளையாடி முடிக்கலையே, தம்பி. விளையாடாம அஞ்சு போட்டா, ஒண்ணு போட்டவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

அழுங்கு வானத்தைப் பார்த்தது. வெயில் மஞ்சளாகியிருந்தது.

"நீங்க சொல்றது சரிதாண்ணே," என்றது. "ஒரே ஒரு விஷயம். ஏழாவது கட்டத்துல வேகமாப் போயிடாதீங்க."

பொழுது சாய்ந்தது. யானை வந்தது, நான்கு இலைகளைப் பார்த்தது, குகையைப் பூட்டியது.

இருபது நாள் கழிந்தது. ஒரு காலையில் ஆமை வாயில் ஐந்து இலைகளோடு நாவல் மரத்தடிக்கு வந்தது.

"ஏழாவது கட்டத்துல," என்றது ஆமை, "முதல் துளி விழுது. அந்தச் சின்ன எறும்பு முட்டையைக் கீழ வைக்காம, அப்படியே நின்னு அண்ணாந்து பாக்குது. சத்தமே இல்லை. அதுக்கு மேல என்னால விளையாட முடியலை. போனை வச்சிட்டு அழுதேன். மறுநாள்தான் தொடர்ந்தேன்."

ஆமை அழுததா? காடு பரபரத்தது. எல்லாரும் ஓடிப்போய் விளையாடினார்கள். நான்கே நாளில் நாவல் மரத்தில் இலை செருக இடமில்லாமல் போயிற்று.

"நான் அன்னிக்கே சொல்லலை?" என்றது குரங்கு, பாறைமேலிருந்து. "நிதானமான கேம்னு!"

"அந்தக் கறுப்பு இருக்கே, அதுதான் அழகே," என்றது மயில்.

"இந்த மாதிரி கேமெல்லாம் இனிமே யாரு செய்யறா?" என்று பெருமூச்சு விட்டது கரடி.

ஓணான் தலையாட்டியது.

யானை தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து குகையைத் திறந்துவைத்தது. "அந்தத் தங்கப்பிள்ளை எங்கப்பா? ரெண்டாம் பாகம் வேணுமாம், எல்லாரும் கேக்குறாங்க!"

அழுங்கு அதற்குள் மேற்கு மலைக்குப் போய், முயல்களுக்கு வளை தோண்டித் தரும் வேலையில் சேர்ந்திருந்தது. அதன் பிறகு அது கேம் எதுவும் செய்யவில்லை.

இக்கதையின் நீதி: விளையாடிப் பார்க்காமல் சொன்ன கருத்தை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம், அதைக் கேட்டுவிட்டுப் போனவரைத் திருப்பி அழைக்க முடியாது.