சடையாண்டி கொடுத்த பொழுது

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இது சவரக்கத்தி நடமாடுகிற கதை. அதன் சத்தம் எட்ட இருந்தால் கேட்காது.

பொன்னலூரை மகுடராயர் ஆண்ட காலத்தில் அங்கே ஒரு நாவிதன் இருந்தான். பேர் சடையாண்டி. பேரில்தான் சடை, ஊரில் ஒரு தலையிலும் அவன் சடையை விட்டு வைத்ததில்லை. சபையில் அவனுக்கு ஆசனம் கிடையாது. ஆனால் ராஜாவின் தாடையைப் பிடித்து இப்படித் திருப்பி அப்படித் திருப்ப, அந்த நாட்டிலேயே அவன் ஒருத்தனுக்குத்தான் உரிமை. மந்திரி சொல்லி ஏறாத விஷயம்கூட அவன் சொன்னால் ராஜாவுக்கு ஏறும். கழுத்தில் கத்தி இருக்கும்போது யார்தான் காது கொடுக்க மாட்டார்கள்?

அவன் யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை. விடிந்ததும் அரண்மனைக்குப் போய் ராஜாவுக்குச் சவரம். அப்புறம் தெற்கு வாசல் புங்கமரத்தடியில் ஏழே ஏழு பேர். ஏழாவது ஆள் எழுந்ததும் கத்தியைத் துடைத்துப் பையில் போட்டுவிடுவான். மத்தியானம் பெண்சாதி பேச்சியோடு சுடுசோறு. சாயங்காலம் ஏரியில் தூண்டில்.

"இன்னும் பத்து தலை பார்த்தா மாடி வீடே கட்டலாமேப்பா" என்பார்கள்.

"எட்டாவது தலையில என் கண்ணு மீனைப் பார்க்கும். கத்தி உங்க காதைப் பார்க்கும். பரவாயில்லையா?" என்பான். கேட்டவர் காதைத் தடவிக்கொண்டே நடையைக் கட்டுவார்.

ஒரு நாள் எட்டாவது ஆளாக வந்து நின்றார் அரண்மனை மணியக்காரர் தாண்டவமூர்த்தி. பெரிய அதிகாரி, பெரிய மீசை, அதைவிடப் பெரிய கோபம்.

"ஐயா, நாளைக்கு முதல் ஆளா வாங்க. பூ மாதிரி பண்ணி விடறேன்" என்றான் சடையாண்டி.

"எனக்கேவாடா நாளைக்கு? இரு, உனக்கு வைக்கிறேன்!"

மணியக்காரர் நேரே ராஜாவிடம் போனார். "மகாராஜா, இவ்வளவு நல்ல கைகாரன் பாதி நாள் மீன் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கான். அரண்மனை வேலைக்கே எடுத்துக்கிட்டா என்ன?"

ராஜாவுக்கு அது நல்லதாகத்தான் பட்டது. சடையாண்டியைக் கூப்பிட்டுப் பட்டு வேட்டி, நெல், அரண்மனைக்குள்ளேயே வீடு என்று அடுக்கினார்.

சடையாண்டி கையெடுத்துக் கும்பிட்டான். "மகாராஜா, எந்தத் தலையை எப்போ தொடணும்னு நானே முடிவு பண்றேன். அதனாலதான் இந்தக் கை இத்தனை வருஷமா ஒரு கீறல் போட்டதில்லை. அந்த உரிமையை எடுத்துக்கிட்டீங்கன்னா என்கிட்ட மிச்சம் வெறும் இரும்புதான். என்னை விட்டுடுங்க."

"உனக்கு நல்லதுடா இது, புரியலையா!" என்றார் ராஜா. மணியக்காரர் தயாராக எழுதி வைத்திருந்த ஓலையைப் படித்தார்.

"சூரியன் உதித்தது முதல் மறையும் வரை சடையாண்டி அரண்மனையில் சவர வேலை செய்ய வேண்டும். ஒரு நொடி கை சும்மா இருக்கக் கூடாது. ராஜாவின் முகத்தைத் தவிர வேறு முகத்தில் கத்தி படக் கூடாது. மீறினால் ஊரை விட்டு வெளியே."

சடையாண்டி ஓலையை எட்டிப் பார்த்தான். அப்புறம், "ஐயா, கை சும்மா இருக்கக் கூடாதுங்கிறதை மட்டும் இன்னொரு தரம் படிங்க" என்றான். மணியக்காரர் ரசித்து ரசித்துப் படித்தார். ராஜா முத்திரை வைத்தார்.

மறுநாள் சூரியன் எட்டிப் பார்த்தது. சடையாண்டி ராஜாவின் வலது கன்னத்தில் தண்ணீர் தடவினான். கத்தியை எடுத்தான். ஒரே ஒரு முடியை மழித்தான். குனிந்து பார்த்தான். தலையை ஆட்டினான். அடுத்த முடிக்குப் போனான்.

நாலு நாழிகை ஆயிற்று. வலது கன்னத்தில் பாதிதான் முடிந்திருந்தது.

"என்னடா, தூங்குறியா?"

"கை ஓடிக்கிட்டேதானே இருக்கு மகாராஜா?"

ராஜா எழுந்தார். சடையாண்டி பதறினான். "ஐயோ, எழுந்திருக்காதீங்க! எனக்கு விதிச்சிருக்கிறது உங்க ஒரு முகம்தான். அது போயிட்டா கை சும்மா நிக்கும். கை சும்மா நின்னா என்னை ஊரை விட்டுத் துரத்துவாங்க. உங்க முத்திரை மகாராஜா!"

தன் முத்திரையை ராஜாவே மீற முடியுமா? உட்கார்ந்தார். பக்கத்து நாட்டுத் தூதர் வந்தார். ஒரு பக்கம் வழுவழு, ஒரு பக்கம் சொரசொர என்றிருந்த ராஜாவைப் பார்த்தார். குனிந்து வணங்கினார். குனிந்தவர் நிமிரவே இல்லை. முதுகு மட்டும் குலுங்கியது. அவர் போன பிறகு சமையல்கட்டிலிருந்து சாம்பார் வாசனை வந்தது. ராஜாவின் வயிறு சத்தம் போட்டது.

"அடே, இன்னும் எவ்வளவுடா பாக்கி?"

"இடது கன்னம் நாளைக்கு மகாராஜா. தாடைக்கு அடுத்த வாரம். மீசை ஓரத்தை ஆடி மாசம் பார்த்துக்கலாம்."

"கொண்டாடா அந்த ஓலையை!" என்று கத்தினார் ராஜா. வாங்கி இரண்டாகக் கிழித்துப் போட்டார். "போதும்! நீ யாருக்கும் வேலைக்காரன் இல்லை. பழையபடியே இரு. இப்ப எனக்கு ஒழுங்கா ஒரு சவரம் பண்ணி விடு!"

சரக், சரக், சரக். கண்மூடித் திறப்பதற்குள் முகம் கண்ணாடியாகிவிட்டது. ராஜா தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"இவ்வளவுதானா? அப்போ காலையிலிருந்து ஏண்டா இழுத்தே?"

"காலையில மகாராஜா கேட்டது என் பொழுதை. பொழுதைக் கொடுத்தேன். இப்ப கேட்டது சவரம். சவரத்தைக் கொடுத்தேன்."

ராஜா சிரித்தார் பாருங்கள், மழித்த கன்னம் இரண்டும் சிவந்துபோயின. தந்தப் பிடி போட்ட ஒரு கத்தியைத் தன் கையாலேயே அவனுக்குக் கொடுத்தார். "உச்சிப்பொழுது தாண்டினால் இவனை நானே ஆனாலும் கூப்பிடக் கூடாது" என்று புது உத்தரவும் போட்டார். அப்புறம் மூலையில் ஒடுங்கி நின்ற மணியக்காரர் பக்கம் கையை நீட்டினார்.

"சடையாண்டி, உச்சிக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு. இவருக்கும் ஆசைப்பட்டதைச் செய்து விடேன்."

மணியக்காரர் இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டார். சடையாண்டி மெல்லத் துண்டை உதறி விரித்தான். புதுக் கத்தியை உள்ளங்கையில் இரண்டு தரம் தீட்டினான். ரொம்பப் பணிவாகக் குனிந்து கேட்டான்:

"ஐயாவுக்கு எது வேணும்? பொழுதா, சவரமா?"