வண்டி என்ன பண்ணுது?

"உங்க வகுப்புல கத்துக்கிட்டதை வெச்சு, நல்லா இருந்த காரை நானே கெடுத்துட்டேனுங்க டீச்சர்."

நாச்சிமுத்து வாசலிலேயே நின்றார். விரல் இடுக்குகளில் கரி. கையில் டூல் பாக்ஸ். பஸ்ஸில் தூக்கி வந்திருந்தார்.

டீச்சர் பத்மஜோதி, ஒரு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவர். இப்போது ஞாயிறு காலைகளில், சொந்தக் காரைத் தாங்களே பார்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்குத் தன் வீட்டு ஷெட்டில் சொல்லிக்கொடுக்கிறார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

"வண்டி என்னங்க பண்ணுது?"

"பிளக் போயிருச்சுங்க."

"சரி. வண்டி என்ன பண்ணுது?"

"புது பிளக் போட்டேன். அப்புறம் பார்த்தா, பெட்ரோல் பம்ப்பு. அதையும் மாத்தினேன். இப்ப என்னடான்னா, சென்சாரா இருக்குமோன்னு..."

"வண்டி என்ன பண்ணுதுன்னு கேட்டேனுங்க."

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். இன்னொரு பாகத்தின் பெயர்தான் நாக்கு நுனிக்கு வந்தது. மூடிக்கொண்டார்.

பிறகு சொன்னார். "மகளுக்கு ஒன்பதாம் மாசமுங்க. எங்க வீடு தென்னந்தோப்புக்குள்ள. ஆட்டோக்காரங்க உள்ள வர யோசிப்பாங்க. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கன்னு சம்சாரம் தலைபாடா அடிச்சுக்கிட்டா. நான்தான் வேண்டாம்னேன். இன்னைக்கே வலி வந்துட்டா என்ன பண்றது?"

"வலி வந்தா ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. அதுக்கு அந்தக் காரை நம்பாதீங்க."

பத்மஜோதி கையை நீட்டினார்.

"அந்த டூல் பாக்ஸைக் குடுங்க."

வாங்கி ஷெட்டுக்குள் வைத்துப் பூட்டினார்.

"ஸ்பேனர் இல்லாம எப்படீங்க வேலை செய்யறது?"

"வேலையே செய்ய வேண்டாம். அது என்ன பண்ணுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. எனக்கும் தெரிஞ்சுக்கணும்னு இருக்கு."

வழியெல்லாம் நாச்சிமுத்துவுக்கு எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தார். வெறுங்கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மனைவி சாந்தாமணியைக் கூப்பிட்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தார்.

"ஸ்டார்ட் பண்ணி ஆக்ஸிலேட்டரை லேசா மிதிச்சுக்கோ. காலை எடுத்தா ஆஃப் ஆயிரும்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார்.

காலை எடுத்தால் ஆஃப் ஆகிவிடும். டீச்சர் கேட்டது இதைத்தானே? இத்தனை நாளில் இதை யாரிடமும் சொல்லவில்லையே.

மிதித்தால் ஓடுகிறது. எடுத்தால் ஏன் நிற்கிறது?

குனிந்தார். பெல்ட் ஓடும் சத்தம். ஃபேன் சத்தம். அவற்றுக்கு அடியில், விசில் வருவதற்கு முந்தைய குக்கர் போல மெல்லிசாக ஏதோ ஒன்று.

"சாந்தா, உஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேக்குதா உனக்கு?"

"ஏர் ஃபில்டரைச் சுத்தம் பண்றேன்னு கழட்டி மாட்டினீங்களே, அன்னையிலிருந்து கேக்குது."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். உனக்கு ஒண்ணும் தெரியாது, உள்ள போன்னீங்க."

அவர் சத்தம் வரும் பக்கமாகக் காதைக் கொண்டுபோனார்.

ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால், விரல் தடிமனில் ஒரு ரப்பர் டியூப். ஒரு முனை கழன்று தொங்கியது. காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

கையாலேயே செருகினார். உஸ்ஸென்ற சத்தம் நின்றது.

"காலை எடு."

"ஆஃப் ஆயிருமே?"

"எடுத்துப் பாரு."

சாந்தாமணி எடுத்தாள். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வந்த மகள், வயிற்றில் கை வைத்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுநாள் காலை பத்மஜோதி வீட்டு வாசலில் அதே கார் வந்து நின்றது. அவர் வெளியே வந்து, ஓடும் எஞ்சின் பக்கம் சற்றுக் காதைச் சாய்த்துவிட்டு, நாச்சிமுத்துவைப் பார்த்தார்.

"என்ன பண்ணுச்சு?"

நாச்சிமுத்து சொன்னார். கால், சத்தம், டியூப், மனைவி சொன்னது, தான் திட்டியது. ஒன்றையும் விடவில்லை.

பத்மஜோதி கடைசிவரை கேட்டார். முடிந்ததும் ஷெட்டைத் திறந்து டூல் பாக்ஸைக் கொடுத்தார்.

நாச்சிமுத்து கிளம்பவில்லை.

"டீச்சர், டியூப்புதான்னு உங்களுக்கு நேத்தே தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க."

"ஒரு சந்தேகம்கூடவா இல்லை?"

"தெரியாது. அதனாலதானே கேட்டேன்."