இலையோடு நடந்தவர்

“இந்தத் தண்ணி நான் சொல்லுதக் கேக்கவே மாட்டேங்கும்மா” என்றார் இன்னாசி.

“கேக்கும் சார்” என்றாள் பேச்சித்தாய்.

“எப்ப?”

அவள் வால்வைக் கால் சுற்று திருப்பிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

சீடர் இன்னாசிக்கு வயது ஐம்பத்தாறு. வால்வு திருப்பும் குரு பேச்சித்தாய்க்கு முப்பத்து நான்கு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. தாமிரபரணிக் கரையில் இருந்த அந்த நகராட்சிக் குடிநீர் நிலையத்தில், தண்ணீர் யாருக்கு அடங்கியதோ அவர்தான் குரு.

இன்னாசி பெரிய இன்ஜினியர். முப்பது வருடம் ஆலை ஆலையாகப் போய்க் கொதிகலன்களையும் குழாய்களையும் கம்ப்யூட்டர் பேச்சைக் கேட்க வைத்தவர். ஆற்றுத் தண்ணீர் தெளிய எவ்வளவு படிகாரம் கலப்பது என்பதை இனி மெஷினே முடிவு செய்யட்டும் என்று நகராட்சி அவரை அழைத்திருந்தது.

தண்ணீர் தெளிந்து வெளியேறும் இடத்தில் ஒரு கருவி வைத்தார். அது கலங்கலை அளந்து சொல்லும். கலங்கல் கூடினால் மெஷின் படிகாரத்தைக் கூட்டும், குறைந்தால் குறைக்கும். சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

பதினோரு நாளாக மெஷின் அவரை ஆட்டி வைத்தது. ஒரு பொழுது படிகாரம் கூடித் தண்ணீர் துவர்த்தது. மறு பொழுது டீத்தண்ணி நிறத்தில் கலங்கியது. ஒவ்வொரு தடவையும் பேச்சித்தாய் எழுந்து போய் மெஷினை நிறுத்திவிட்டுக் கையால் படிகார வால்வைத் திருப்பினாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். இந்தப் பேச்சு நடந்தது புதன்கிழமை.

“நீ எப்படிம்மா செய்யுத?”

“பாத்துக்கிட்டே இருப்பேன் சார்.”

“எத?”

“தண்ணியத்தான்.”

இன்னாசி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதிய பிறகு அவருக்கே எரிச்சலாக இருந்தது.

“ஒனக்கு மெஷின் பிடிக்கல. அதான் சொல்ல மாட்டேங்க.”

“எனக்கா பிடிக்கல?” பேச்சித்தாய் சிரித்தாள். “எட்டு மணி நேரம் இந்த வால்வ விட்டு நகர முடியாம நான் படுத பாடு எனக்குல்லா தெரியும். சின்னவ பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ரெண்டு வருசமாப் போகல. மெஷின் ஓடணும்னு ஒங்களவிட நான்தான் சார் கும்பிடுதேன்.”

“அப்ப சொல்லித் தா.”

அவள் அவருடைய கையைப் பார்த்தாள். கையில் போன் இருந்தது.

அந்தப் போனைப் பற்றி நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்ப்பார். மகள் சலேத்மேரிக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். மாப்பிள்ளை ஊரான மணப்பாட்டில், கடலோரத் தேவாலயத்தில் நடந்தது. இவர் போகவில்லை. மாப்பிள்ளை இவர் பார்த்துவைத்தவர் இல்லை என்பது ஒன்றுதான் குற்றம்.

வழக்கப்படி அப்பன் கையைப் பிடித்து நடக்க வேண்டிய பெண் பீடம் வரை தனியாக நடந்தாள். வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு மெதுவாக நடந்தாளாம். பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்றிலிருந்து இவர் மகளுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் திட்டு. மறுநாள் கெஞ்சல். கெஞ்சலுக்குப் பதில் வரவில்லை என்றால் அதற்கு ஒரு திட்டு. ஒரு சேலைகூட அனுப்பினார், கத்தரிப்பூ நிறத்தில். அது திரும்பி வந்துவிட்டது. தண்ணீர் விஷயத்தைச் சொல்லும்போது சத்தம் போடுவார். மகள் விஷயத்தைச் சொல்லும்போது போனைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

“போன இங்க வச்சிட்டு வாங்க” என்றாள் பேச்சித்தாய்.

“அவ கூப்பிட்டான்னா?”

“வைங்க சார்.”

வைத்தார்.

படிகாரம் விழும் இடத்தில் ஒரு பூவரச மரம் நின்றது. பேச்சித்தாய் ஓர் இலையைப் பறித்து, படிகாரம் கலந்த தண்ணீர் ஓடும் கால்வாயில் போட்டாள்.

“இதுகூட நடங்க. இது போய்ச் சேருத வரைக்கும் நீங்களும் நடங்க. முந்தக் கூடாது. தள்ளிவிடவும் கூடாது.”

“இதுக்கா கூட்டிட்டு வந்த?”

அவள் அதற்குள் வால்வுக்குத் திரும்பிவிட்டாள்.

இன்னாசி நடந்தார். பதினோரு நாளில் இந்தப் பக்கம் அவர் வந்ததே இல்லை. ஏசி அறையில் வரைபடம் இருக்கும்போது வெயிலில் என்ன வேலை?

கால்வாயை மடித்து மடித்துக் கட்டியிருந்தார்கள். இலை ஒரு கோடிக்குப் போய்த் திரும்பி, மறு கோடிக்குப் போய்த் திரும்பி வந்தது. ஒன்பதாவது திருப்பத்தில் போன் அடித்த மாதிரி இருந்தது. நின்று கேட்டார். மைனா.

பதினைந்தாவது திருப்பத்தில் ஒரு குச்சியை எடுத்தார். சும்மா லேசாகத் தள்ளலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று தோன்றியது. பிறகு வெட்கப்பட்டுக் குச்சியைப் போட்டுவிட்டார்.

கால்வாய் முடிந்து பெரிய தொட்டி வந்தது. அழுக்கு அடியில் படிவதற்கான தொட்டி. அங்கே இலை நின்றேவிட்டது. இன்னாசியும் நின்றார். உற்றுப் பார்த்தால் இலை நகர்வது தெரிந்தது.

இலையைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் சேலை நினைவுக்கு வந்தது.

சேலையை அனுப்பியது ஒரு திங்கட்கிழமை. மனசு இளகி அனுப்பியது. கூரியரில் போய்ச் சேர நான்கு நாள். மகளிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லையே என்று வியாழன் ராத்திரி ஆத்திரத்தில் ஒரு செய்தி அனுப்பினார். அப்பன் செத்தால்கூட வராதே என்று. சேலை வெள்ளிக்கிழமை காலையில் அவள் கைக்குப் போயிருக்கும்.

இன்னாசி தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். “அம்மாடி” என்றார். அங்கே கேட்பதற்கு ஒருவரும் இல்லை.

கடைசியில் இலை விளிம்பில் ஏறி, அவருடைய கருவி இருந்த பக்கம் விழுந்தது.

அவர் திரும்பி வந்தபோது பேச்சித்தாய் மோர் குடித்துக்கொண்டிருந்தாள். அவருக்கும் ஒரு டம்ளர் ஊற்றி வைத்திருந்தாள்.

“போன் அடிக்கல சார்” என்றாள், அவர் கேட்கும் முன்பே.

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

“ஒண்ணேமுக்கா மணி நேரம்.”

“வரைபடத்துல நாப்பது நிமிசம்னு போட்டிருக்கே!”

“அது ஆத்துத் தண்ணிய ஏத்துத மூணு மோட்டாரும் ஓடுன காலத்துக்கு. இப்ப ஒண்ணுதான ஓடுது.”

இன்னாசி மோரைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“ஒங்க மெஷின் எத்தன நேரத்துக்கு ஒருக்கா எட்டிப் பாக்கு?”

“அஞ்சு செகண்டுக்கு ஒருக்கா.”

“பாத்து?”

“கலங்கலா இருந்தா இன்னுங் கொஞ்சம் படிகாரம் போடும். அப்பவும் கலங்கலா இருந்தா இன்னுங் கொஞ்சம்…”

அவர் பாதியில் நிறுத்திக் கால்வாயைத் திரும்பிப் பார்த்தார். பேச்சித்தாய் டம்ளரைக் கழுவப் போனாள்.

மெஷினைச் சரிசெய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு முறை படிகாரத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ, அந்தத் தண்ணீர் கருவிக்கு வந்து சேரும்வரை அடுத்ததைத் தொடாதே. எத்தனை மோட்டார் ஓடுகிறது என்று பார்த்து அந்த நேரத்தை நீயே கணக்குப் போட்டுக்கொள். மெஷினுக்கு அவர் சொன்னது அவ்வளவுதான்.

வியாழன் மத்தியானம் வரை தண்ணீர் ஒரே சீராக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாகப் பேச்சித்தாய் எழுந்து ஓடாமல் சாப்பிட்டு முடித்தாள். முடித்துவிட்டு வால்வைப் பார்த்தாள். பாவம், அதற்கு வேலையில்லை.

இன்னாசி போனை எடுத்து ‘சாப்பிட்டியாம்மா’ என்று எழுதினார். அனுப்பவில்லை. அழித்தார்.

“பேச்சித்தாய்.”

“சொல்லுங்க சார்.”

“தண்ணிக்கு ஒண்ணேமுக்கா மணி நேரம். அது தெரிஞ்சு போச்சு. எம்மவளுக்கு எத்தன நாள்? எத்தன வருசம்? எதையும் அனுப்பாம நான் பேசாம இருக்கேன். எவ்வளவு நேரம்னு மட்டும் சொல்லு. இருந்திருதேன்.”

சொல்லி முடிக்கும்போது அவர் அழுதுகொண்டிருந்தார். ஐம்பத்தாறு வயது ஆள், நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, எழுதிக்கொள்ளத் தயாராக.

பேச்சித்தாய் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“தண்ணிக்கு எவ்வளவு நேரம்னு ஒங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?”

“நீதானம்மா நடக்கச் சொன்ன…”

அவர் நோட்டை மூடினார்.

வெள்ளிக்கிழமை காலை அதிகாரிகள் மூன்று பேர் வந்தார்கள். ஆறு கலங்கலாக ஓடியது. தொட்டியின் கடைசியில் தண்ணீர் தெளிந்து விழுந்தது. வால்வுப் பக்கம் ஒருவரும் இல்லை. பேச்சித்தாய் மரத்தடியில் நின்றாள்.

“மெஷின் தானாவா ஓடுது?” என்றார் பெரிய அதிகாரி.

“தானாத்தான் சார் ஓடுது.”

“இன்னாசி எங்க? இன்னைக்கு அவருக்கு மாலை போடணுமே.”

“மணப்பாட்டுக்குப் போயிருக்காரு. மககூட நடக்க.”

“எப்ப வருவாரு?”

“எவ்வளவு நேரம் ஆகும்னு அவருக்கே தெரியாது சார்” என்றாள் பேச்சித்தாய். “போன இங்கயே வச்சிட்டுப் போயிட்டாரு.”