நாலு உழக்கு அரிசி

பட்டினத்துக்கு வெளியே, தாழங்காட்டுக்குள் ஒரு மடம் இருந்தது. அங்கே யாரும் சேர்ந்து சமைப்பதில்லை. அவரவர் குடிசையில் அவரவர் உலை. அடுத்தவர் வாசலை மிதிக்கக் கூடாது. தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால்தான் தன்னை அறியலாம் என்பது அந்த மடத்து வழக்கம்.

பொன்னாச்சி அங்கே சீடராகச் சேர்ந்தபோது வயது அறுபது. குரு ஆதனாருக்கு நாற்பதுதான் இருக்கும். மகன் வயசு. ஆனாலும் வாய் நிறையச் சாமி என்றுதான் கூப்பிடுவாள்.

"சாமி, என் கை சொன்ன பேச்சு கேட்க மாட்டேங்குது. எனக்கு ஒரு உழக்கு அரிசி போதும். அது நாலு உழக்கு அள்ளுது."

மூன்று பிள்ளைகளும் கப்பலேறிப் போய் ஏழு வருஷம். கடைசிப் பிள்ளை, பானை அடியில் ஒட்டின காந்தலுக்குச் சண்டை போடுகிறவன் என்று அவரிடம் சொன்னாள்.

ஆதனார் பல தேசத்து ஞானிகளின் பேச்சைக் கேட்டு வைத்திருந்தவர். "யவன தேசத்துப் பெரியவர் ஒருவர் சொன்னாராம். போன கப்பல் காற்றின் பொறுப்பு, கரையில் நிற்கிறவன் பொறுப்பு இல்லை."

அதையே ஜெபம் போலச் சொல்லிக்கொண்டு உலை வைத்தாள். மறுநாள் வந்தாள்.

"கேட்டுச்சா?"

"மனசு கேட்டுச்சு சாமி. கை கேட்கல."

"சீனத்து ஞானி சொன்னது ஒன்று உண்டு. ஆறு எங்கே போச்சென்று மலை தேடிப் போவதில்லை."

"அந்த மலைக்குப் பிரசவ வலி தெரியுமா சாமி?"

ஆதனார் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் வந்தவள் உட்காராமலே நின்றாள். "இனிமே அடுப்பு மூட்டப் போறதில்லை சாமி. மிஞ்சின சோத்துல தண்ணி ஊத்தி, மறுநாளும் அதையே தின்னு... போதும். சோறே வேண்டாம்."

இன்னொரு தேசத்து ஞானி வருவார் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். ஆதனார் எழுந்து தன் உலையைப் பார்க்கப் போனார்.

மறுநாள் உச்சிப்பொழுது. அடுப்பில் சாம்பல் ஆறிக் கிடந்தது. பொன்னாச்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வாசலில் காலடிச் சத்தம். ஆதனார், ஆவி பறக்கும் பானையோடு நின்றார்.

பதறி எழுந்தாள். "சாமி, மடத்து வழக்கம்..."

"இலை இருக்கா?"

இரண்டு இலை போட்டாள். அவரே பரிமாறினார். இரண்டு இலையும் நிறைந்த பிறகும் பானையில் சோறு இருந்தது.

"எனக்காகக் கூட வடிச்சீங்களா சாமி?"

"இல்லை. தினமும் இவ்வளவுதான்."

"ஒத்த ஆளுக்கா?"

ஆதனார் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

"என்னைப் பெத்தவ போய்ப் பத்தொன்பது வருஷம் ஆச்சு" என்றார்.

பொன்னாச்சி மெல்ல ஒரு கவளம் எடுத்தாள். அவள் விழுங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"நாளைக்கு உங்க அடுப்பும்மா. நாலு உழக்கே போடுங்க. காந்தல் எனக்கு."