ஒரு குழாய் கடலை விழுது

மேகந்தாங்கி மலையின் அடிவாரக் காட்டில் சிலுப்பி என்றோர் அணில் இருந்தாள். அன்று காலை அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மரத்தில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். மலையுச்சிக்குப் போகும் கூட்டத்தில் அவளையும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்!

மழை ஓய்ந்து, மூடுபனி வருவதற்கு முன்னால், சில நாட்கள் வானம் பளிச்சென்று இருக்கும். அப்போது விடியற்காலையில் உச்சிப் பாறையில் நின்றால் தூரத்தில் கடல் தெரியும். அது அக்கரையே இல்லாத தண்ணீர் என்று வழிதவறி வந்த கடற்பறவை ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தது. அன்றிலிருந்து சிலுப்பிக்கு அதே நினைப்புதான். குளத்துக்கு அக்கரை உண்டு. ஆற்றுக்கும் உண்டு. அக்கரை இல்லாவிட்டால் தண்ணீர் வழிந்து போய்விடாதா? அதைக் கண்ணால் பார்க்காமல் அவளுக்கு உறக்கம் பிடிக்காது போலிருந்தது.

ஆனால் அணில்களை யாரும் உச்சிக்கு அழைத்துப் போவதில்லை. மேலே போகப் போக வெறும் பாறைதான். புல் பூண்டு முளைக்காது. போகிறவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். "நீ எதைச் சுமப்பே? உன் வாலையே காத்து தூக்கிட்டுப் போவுது" என்று கேலி பேசி அனுப்பிவிடுவார்கள்.

இந்த வருடம் சிலுப்பி ஒரு யோசனை செய்தாள். காட்டோரக் கொல்லையில் அறுவடை முடிந்து சிந்திக் கிடந்த நிலக்கடலையைப் பொறுக்கினாள். வெயிலில் தகிக்கும் பாறையில் பரப்பி, மணம் வரும்வரை காயவிட்டாள். தோல் நீக்கி, ஒரு பாறைக்குழியில் போட்டு, கூழாங்கல்லால் அரைக்கத் தொடங்கினாள்.

கடலை முதலில் பொடியானது. பிறகு கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு, கல்லை நகரவிடாமல் அடம் பிடித்தது. சிலுப்பி விடவில்லை. கை வலிக்க வலிக்க அரைத்தாள். கடைசியில் கடலை தன் எண்ணெயைத் தானே கக்கி, பளபளவென்று இளகி, விழுதாகி நின்றது.

அதில் ஒரு நகக்கண் அளவு எடுத்துக்கொண்டு அவள் முள்ளம்பன்றி ஈட்டியப்பனிடம் போனாள். அந்த வருடப் பயணத்துக்கு அவர்தான் தலைவர்.

"அண்ணே, இதைச் சாப்பிட்டுப் பாருங்க."

ஈட்டியப்பன் நக்கிப் பார்த்தார். அவருடைய முட்கள் ஒருமுறை எழுந்து அடங்கின. அன்று மாலைவரை அவருக்குப் பசிக்கவே இல்லை.

"இது எத்தனை நாள் கெடாம இருக்கும்?" என்று கேட்டார்.

"தண்ணி படாம இருந்தா மாசக்கணக்குல இருக்கும் அண்ணே. ஈரக்கையோட யாரையும் நான் கிட்ட சேர்க்கறதில்ல."

"அப்ப இந்தத் தடவை கட்டுச்சோறு உன் பொறுப்பு. நீ, நான், முயல் பஞ்சுவால். மூணு பேர். சாப்பாடு சரியா அமைஞ்சா நாம கடலைப் பார்க்கலாம். அமையலைன்னா பாதியிலே திரும்பணும். அப்புறம் உங்க ஆளுங்களை எந்தக் காலத்திலும் யாரும் கூப்பிட மாட்டாங்க. யோசிச்சுக்கோ."

யோசிக்க என்ன இருக்கிறது? ஈட்டியப்பன் மூங்கில் குழாய்கள் சிலவற்றை வெட்டிக் கொடுத்தார். சிலுப்பி அவற்றில் ஒன்றில் விழுதை அடைத்தாள். வாயைத் தேன்மெழுகால் மூடினாள். மூவருக்கும் போக வர அந்த ஒரு குழாய் தாராளமாகப் போதும். இதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. உச்சிக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முதல் நாள், தங்கள் கட்டுச்சோற்றைப் பெரிய பாறையில் வைத்துக் காட்ட வேண்டும். காடே வந்து பார்க்கும், கருத்தும் சொல்லும். மலையேறாதவர்களுக்கு மலையைப் பற்றிச் சொல்ல எவ்வளவு விஷயம் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்க்க வேண்டும்.

போன வருடம் கரடிகள் பலாப்பழங்களைக் குன்று போலக் குவித்து வைத்திருந்தன. அதே இடத்தில் இப்போது ஒற்றை மூங்கில் குழாய் நின்றது. அதைப் பக்கத்திலேயே நின்று சிலுப்பி பெருமையோடு பார்த்தாள். முயல் பஞ்சுவால் தன் பங்குக்குக் கொண்டுவந்த உலர்ந்த அத்திப்பழ மூட்டைகூட அதைவிடப் பெரிதாக இருந்தது.

மந்தி மாணிக்கவல்லி கிளையிலிருந்து இறங்கி வந்தாள். குழாயை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பிறகு பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"மீதி எங்கடி இருக்கு?" என்றாள்.

"மீதியா? இவ்வளவுதான் அக்கா."

"அவ்வளவுதானா? மூணு பேருக்குமா?" மாணிக்கவல்லி வாயில் கை வைத்தாள். "பாவம் ஈட்டியப்பன். பட்டினி போட்டே கொன்னுடுவா போலிருக்கே. என் கடைக்குட்டி இதைப் பல்லிடுக்குல வச்சுக்குவான்."

காடு கொல்லென்று சிரித்தது. மான்கள் சிரித்தன, கீரி சிரித்தது, சிரிப்பு எதற்கென்று தெரியாத ஆமைகூடச் சிரித்தது. "கொஞ்சம் போதும் அக்கா, இது அப்படிப்பட்ட சாப்பாடு" என்று சிலுப்பி சொன்னது யார் காதிலும் விழவில்லை. அவளுக்கு முகம் கன்றிப்போயிற்று. குழாயை உருட்டிக்கொண்டு ஓடிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தும் அந்தச் சிரிப்பு அவளை விடவில்லை. இன்னும் கடலை பொறுக்கலாம் என்றால் கொல்லையில் ஒன்றும் மிச்சமில்லை. பொழுது வேறு சாயத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் அவள் கண் பக்கத்துச் சுனையின் மேல் விழுந்தது.

கூடாது என்று அவளுக்குத் தெரியும். அவளைவிட அது யாருக்கும் தெரியாது. ஆனாலும் குழாயைத் திறந்தாள். விழுதைக் குழியில் கொட்டினாள். ஒரு கை தண்ணீர் விட்டுக் கலக்கினாள். அடடா, என்ன அழகு! விழுது வெளுத்தது, பொங்கியது, பாலாடை போல மெத்தென்று ஆனது. இன்னொரு கை விட்டாள். இன்னும் ஒரு கை. ஒரு குழாய் இருந்தது மூன்று குழாய் ஆயிற்று.

"ரெண்டு நாள்தானே. அதுக்குள்ள என்ன ஆயிடப் போவுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை மூன்று குழாய்களையும் பாறையில் வைத்தபோது காட்டின் பேச்சே மாறிவிட்டது. "இது சாப்பாடு!" என்றாள் மாணிக்கவல்லி. சிலுப்பிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஈட்டியப்பன் மட்டும் குழாய்களைத் தூக்கிப் பார்த்து, "கனக்குதே" என்றார். கனத்ததால் ஏதாவது ஒன்றைக் குறைக்க வேண்டி வந்தது. இவ்வளவு விழுது இருக்கும்போது அத்திப்பழம் எதற்கு என்று பஞ்சுவால் தன் மூட்டையைப் பிரித்துக் கூட்டத்துக்கே கொடுத்துவிட்டான். அதில் முக்கால்வாசி மாணிக்கவல்லியின் வாய்க்குள் போனது.

கிளம்பிவிட்டார்கள்! மூங்கில் புதர்களைத் தாண்டினார்கள். ஓடையைத் தாண்டினார்கள். பஞ்சுவால் ஒவ்வொரு வளைவிலும் முன்னால் ஓடிப்போய், "கடல் தெரியுது" என்று கத்துவான். சிலுப்பி விழுந்தடித்து ஓடுவாள். அங்கே இன்னொரு மலைதான் தெரியும். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். அப்படி அவள் ஏமாந்தது ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. முதல் நாள் காட்டில் கிடைத்த பழங்களையே தின்றுகொண்டார்கள். விழுதை மேலே போய்ப் பிரிப்போம் என்று ஈட்டியப்பன் சொல்லிவிட்டார்.

மறுநாள் கடைசி மரங்களும் பின்னால் போயின. அவை வாதுமை மரங்கள். அதற்கு மேல் பாறைதான். வெயில் சுளீரென்று அடித்தது. உச்சி தலைக்கு மேலே, கூப்பிடு தூரத்தில் நின்றது. உச்சிக்குக் கீழே ஒரு பாறைத் திட்டில் மூவரும் உட்கார்ந்தார்கள்.

"ம், இப்ப எடு" என்றார் ஈட்டியப்பன்.

சிலுப்பி குழாயின் மெழுகில் பல்லை வைத்ததுதான் தாமதம். டப்பென்று மூடி பறந்தது! உள்ளிருந்து நுரை பொங்கி வழிந்தது. புளித்த வாடை மூக்கைத் துளைத்தது. இரண்டாவது குழாயைத் திறந்தார்கள். அதுவும் அப்படியே. மூன்றாவது குழாய் திறக்கும் வரைகூடக் காத்திருக்கவில்லை, தானாகவே வெடித்து பஞ்சுவாலின் காதில் தெறித்தது.

ஈட்டியப்பன் குழாயை முகர்ந்து பார்த்தார்.

"என் தப்புதான். பச்சை மூங்கிலா வெட்டிக் கொடுத்துட்டேன் போலிருக்கு" என்றார்.

சிலுப்பி சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்திருந்தால் பழி அவரோடு போயிருக்கும். ஆனால் வழி முழுக்க அந்தக் கனத்தைச் சுமந்து வந்தவர் அவர். முட்களுக்கிடையே தோல் உரிந்திருந்ததை அவள் பார்த்திருந்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"மூங்கில் மேல தப்பில்ல அண்ணே. நான்தான் தண்ணி ஊத்தினேன். ஒரு குழாய்தான் இருந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நிறையக் காட்டணும்னு ஊத்திட்டேன்."

பஞ்சுவாலுக்குக் கோபம் தலைக்கேறியது. "என் அத்திப்பழம் அத்தனையும் போச்சே, அந்த மந்தி தின்னுட்டாளே" என்று பாறையை உதைத்தான். கால் வலித்ததுதான் மிச்சம்.

ஈட்டியப்பன் மேற்கே பார்த்தார். அங்கே மேகம் சேரத் தொடங்கியிருந்தது. நாளைக் காலையை விட்டால் இந்த வருடம் கடல் கிடையாது.

"வெறும் வயித்தோட அந்தச் செங்குத்துல ஏற முடியாது. கால் நடுங்கினா ஆளே மிஞ்ச மாட்டோம். கீழே இறங்கிச் சாப்பிட்டுட்டு மறுபடி ஏறுற தெம்பும் எனக்கில்ல. திரும்பிடலாம்" என்றார்.

திரும்பிடலாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் சிலுப்பி எழுந்து நின்றாள்.

"எனக்குத் தெம்பு இருக்கு அண்ணே. நான் ஒண்ணுமே சுமக்கலியே. கீழே வாதுமை மரம் இருக்கு. பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவேன். வரலைன்னா நாளைக்கு இறங்கிக்கலாம்."

பதிலுக்குக் காத்திருக்காமல் ஓடினாள். பாறைக்குப் பாறை தாவினாள். வாதுமை மரத்தடியில் பெரும்பாலும் வெறும் ஓடுகள்தான் கிடந்தன. கிளிகள் முந்திக்கொண்டிருந்தன. தேடித் தேடிக் கொஞ்சம் கொட்டைகளைச் சேர்த்தாள். ஓட்டோடு தூக்கினால் இரண்டுக்கு மேல் அவளால் சுமக்க முடியாது. அங்கேயே உடைத்தாள். பருப்பை வெயில் பாறையில் சுடவைத்து, ஒரு குழியில் போட்டு அரைத்தாள். பொடியானது. கட்டியானது. கல் ஒட்டிக்கொண்டு மல்லுக்கு நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சட்டென்று இளகிவிடும். பக்கத்திலேயே பாறையிடுக்கில் நீர் கசிந்துகொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அரைத்தாள். எண்ணெய் வந்தது, விழுது இளகியது.

எல்லாவற்றையும் சேர்த்து ஓர் இலையில் மடித்தால் ஒரு நெல்லிக்காய் அளவுகூட வரவில்லை. அதை வாயில் கவ்விக்கொண்டு மேலே ஏறினாள்.

திட்டில் இருவரும் அவளுக்காகக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலுப்பி மூச்சு வாங்க இலையைப் பிரித்து வைத்தாள்.

"இதுதான் இருக்கு. பார்க்க ரொம்பக் கொஞ்சம். ஆனா இதுல பருப்பைத் தவிர வேற ஒண்ணுமில்ல."

பஞ்சுவால் இலையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவளுடைய முன்னங்கால்களில் தோல் கிழிந்து சிவந்திருந்தது. அவன் ஒன்றும் சொல்லாமல் தன் பங்கை நக்கினான். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதால் வெகுநேரம் அவனால் ஒன்றும் சொல்லவும் முடியவில்லை. ஈட்டியப்பன் தன் பங்கை மெல்லச் சாப்பிட்டார். சற்று நேரத்தில் அவருடைய முட்கள் நிமிர்ந்தன.

"கால் நிக்குது. விடிஞ்சதும் ஏறலாம்" என்றார்.

ஏறினார்கள்! கிழக்கு வெளுக்கும்போது உச்சிப் பாறையில் நின்றார்கள். முதலில் காடு தெரிந்தது, அப்புறம் வயல்கள், அதற்கப்பால் ஒரு வெள்ளிக் கோடு. சூரியன் மேலே வர வர அந்தக் கோடு அகன்று அகன்று நீலமானது. சிலுப்பிக்கு உயரம் போதவில்லை. பஞ்சுவால் அவளைத் தன் தலைமேல் ஏற்றிக்கொண்டான். அவனுடைய இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டு அவள் அக்கரையைத் தேடினாள். இந்தக் கோடியில் தேடினாள், அந்தக் கோடியில் தேடினாள். இல்லவே இல்லை! சந்தோஷத்தில் அவன் தலைமேலேயே குதித்தாள்.

"தங்கச்சி, அடுத்த வருஷமும் கட்டுச்சோறு உன் பொறுப்புதான்" என்றார் ஈட்டியப்பன். "ஆனா பாறையில வச்சுக் காட்டுற வேலையெல்லாம் வேண்டாம். நேரா என்கிட்ட கொண்டு வந்துடு."

நம்மிடம் இருப்பது கொஞ்சமானாலும் நல்லதாக இருந்தால் அதை உள்ளபடியே கொடுக்க வேண்டும். பார்ப்பவர் மெச்சுவதற்காக அதைப் பெரிதாக்கிக் காட்டப் போனால், இருக்கிற நல்லதும் கெட்டுவிடும்.